ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதானவர்களும், பழைய ஆட்டோமேட்டிக் காரை மலிவாக வாங்கி மேனுவலாக மாற்றிக்கொள்ள விரும்புபவர்களும் எங்கள் பணிமனையில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தியச் சாலைகளில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ஆட்டோமேட்டிக் வண்டியை மேனுவலா மாத்த முடியுமா, முடியாதா?

முடியும், ஆனால் எல்லா வண்டியிலும் அது செய்யத்தக்க வேலை அன்று. உங்கள் காரின் அதே மாடலை, அதே இன்ஜினுடன், அதே காலகட்டத்தில் தயாரிப்பாளரே மேனுவல் கியர்பாக்ஸ் வைத்தும் விற்றிருந்தால், தேவையான எல்லாப் பாகங்களும் எங்கோ ஓரிடத்தில் இருக்கின்றன, அவை உங்கள் வண்டியில் பொருந்தும் என்றும் பெரும்பாலும் நம்பலாம். அப்படி விற்றிருக்காவிட்டால் நிலைமை வேறு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கியர்பாக்ஸ் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க, ரிப்பேருக்குப் பெரிய தொகை கேட்கறாங்க. மேனுவலா மாத்திட்டா மலிவா முடியுமா?

முதலில் கியர்பாக்ஸ் உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தன் வேலையை எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டு செய்கிறது. எண்ணெய் குறைந்தாலும், கருகினாலும், அதைத் திருப்பிவிடும் சொலினாய்டு என்ற மின்வால்வு ஒன்று சிக்கிக்கொண்டாலும், உள்ளே பற்சக்கரங்கள் நலமாக இருக்கும்போதே வண்டி உதறும், கியர் தாமதமாக விழும். 2000-களில் இந்தியாவில் விற்ற ஹோண்டா சிட்டியின் சி.வி.டி. (தனித்தனிக் கியர்கள் இல்லாமல் பெல்ட்டால் விகிதத்தை மாற்றும் ஆட்டோமேட்டிக்) மாடலில், புறப்படும்போது ஏற்படும் உதறலைப் பல வண்டிகளில் உரிய எண்ணெயை மாற்றியே தணிக்க முடிந்தது. வேறு எண்ணெயை ஊற்றியதாலேயே கெட்டுப்போன கியர்பாக்ஸ்களும் உண்டு. ஆகவே, எண்ணெயின் நிறத்தையும் வாடையையும் பார்க்காமல், ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீடுகளைப் படிக்காமல், ஓட்டிப் பார்த்த அளவிலேயே கியர்பாக்ஸ் முடிந்துவிட்டது என்று சொல்பவரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டாம்.

பழுது உறுதியானால் மூன்று மதிப்பீடுகள் வாங்குங்கள்: இருக்கும் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய, அதே வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பழையதாக வாங்கிப் பொருத்த, மேனுவலாக மாற்ற. மூன்றாவது மதிப்பீடு பெரும்பாலும் கியர்பாக்ஸ், கிளட்ச், கூலி ஆகியவற்றோடு நின்றுவிடும். ஒயரிங், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு), ஆர்.டி.ஓ. அனுமதிக்கான அலைச்சல் எதுவும் அதில் இருக்காது. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல நிலையில் உள்ள பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிடைக்கும் வண்டிக்கு இரண்டாவது வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. மேனுவல் ஓட்டும் ஆசையால் மாற்றுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பணம் மிச்சமாகும் என்று நினைத்து மாற்றுபவருக்குத்தான் சொல்கிறேன்.

என் மாடல்ல மேனுவலே வரலை. வேற வண்டி கியர்பாக்ஸைத் தூக்கிப் போட்டா ஆகாதா?

இன்ஜினின் பின்முகத்திலுள்ள போல்ட் துளைகளும் கியர்பாக்ஸின் மணி வடிவ முன்உறையும் (பெல் ஹவுசிங்) ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாதபோது இடையில் ஓர் அடாப்டர் தகடு கடைந்து வைக்க வேண்டியிருக்கும். அந்தத் தகட்டின் மையம் நூலளவு விலகினாலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். அதன் விளைவாகப் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டின் மையமும் சீக்கிரமே தேயும். அதற்குப் பிறகு மவுண்ட் (கியர்பாக்ஸைத் தாங்கும் பிடி), டிரைவ் ஷாஃப்ட், கியர் லீவர் ஆகிய ஒவ்வொன்றும் தனித் தயாரிப்பாகிவிடும். பந்தயக் கார் கட்டுபவர்கள் இதைச் செய்கிறார்கள். குடும்பத்தோடு அன்றாடம் செல்லும் வண்டிக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

என்னென்ன பாகம் வாங்கணும்? முழுப் பட்டியல் வேணும்.

கியர்பாக்ஸ், பிளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. அடுத்ததாகக் கிளட்சை இயக்கும் பகுதி: பெடல் அசெம்பிளி, கேபிள் கிளட்ச் என்றால் கேபிள், ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், இடையிலுள்ள குழாய். பிறகு கியர் லீவரும் அதன் கேபிள்களும், லீவரைச் சுற்றியுள்ள கன்சோல் மூடியும். முன்சக்கர இயக்க வண்டியில் டிரைவ் ஷாஃப்டுகளின் நீளமோ உள்முனைப் பற்களோ ஆட்டோமேட்டிக்கில் இருந்ததிலிருந்து மாறியிருக்கலாம். பின்சக்கர இயக்க வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்அச்சுக்குப் போகும் நீண்ட தண்டு) நீளம் மாறலாம். கியர்பாக்ஸ் மவுண்டும் அது உட்காரும் பிராக்கெட்டும் பெரும்பாலும் வேறு. சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வேறு.

கடைசியாக வருபவையே வேலையை நிறுத்திவைப்பவை: ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச், கிளட்ச் பெடல் சுவிட்ச், ஸ்பீடு சென்சார், இவற்றுக்கான ஒயரிங் கிளை, மேனுவல் வண்டிக்கான ஈசியூ. சிறு பொருள்கள்தான், ஆனால் இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டி பணிமனையை விட்டு வெளியே போகாது.

புதுப்பேட்டையில கியர்பாக்ஸ் மட்டும் வாங்கிட்டு வந்து தரட்டுமா?

மேலே சொன்ன பட்டியலைப் பார்த்தால், கியர்பாக்ஸை மட்டும் வாங்குவது ஏன் போதாது என்று விளங்கும். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையானாலும் வேறு ஊரானாலும், கழிவுக்கு வந்த ஒரே மேனுவல் காரிலிருந்து பெடல் முதல் ஈசியூ வரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றித் தரச் சொல்லி வாங்குவதே நல்லது. தனித்தனியாகச் சேர்த்தால் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு ஆண்டு மாடலாக அமைந்து, ஒயர் இணைப்பானின் வடிவமே பொருந்தாமல் போகும். ரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கியர்பாக்ஸ் திருட்டு வண்டியினுடையதாகவும் இருக்கக்கூடும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற வாகனக் கழிவு மையங்கள் இப்போது செயல்படுகின்றன. அங்கே ஆவணத்தோடு பாகம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பழைய கியர்பாக்ஸை வாங்கும்போது எண்ணெய் வடிக்கும் திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். பல கியர்பாக்ஸ்களில் அதன் நுனியில் காந்தம் இருக்கும். சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். நகக்கண்ணில் குத்தும்படியான இரும்புச் சிதறல்கள் ஒட்டியிருந்தால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது. அந்தக் கியர்பாக்ஸ் வேண்டாம். இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்கவும், மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும் கடைக்காரர் மறுக்கமாட்டார்.

பிளைவீல் எதுக்கு? ஏற்கெனவே இன்ஜின் பின்னாடி ஒரு வட்டத் தகடு இருக்கே?

டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சுழற்சியைக் கடத்தும் பாகம்) உள்ள வண்டியில் இருப்பது பிளெக்ஸ்பிளேட் எனப்படும் மெல்லிய எஃகுத் தகடு. இன்ஜினின் சுழற்சியைக் கன்வர்ட்டருக்குக் கடத்துவதும், விளிம்பிலுள்ள பற்களால் ஸ்டார்ட்டருக்கு இடம் கொடுப்பதும் மட்டுமே அதன் வேலை. சுழற்சியைச் சீராக்கும் எடை கன்வர்ட்டரிடமே இருக்கிறது. மேனுவலில் கிளட்ச் பிளேட் அழுந்தி உரசுவதற்குச் சமதளமான, தடித்த, வெப்பம் தாங்கும் முகம் வேண்டும். அதைப் பிளைவீல் மட்டுமே தர முடியும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் போல்ட். மெல்லிய தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் குட்டையானவை. அவற்றையே தடித்த பிளைவீலுக்குப் போட்டால் கிராங்க் ஷாஃப்டுக்குள் சில மரைகள் மட்டுமே பிடிக்கும். வேகமாகச் சுழலும்போது அது உயிருக்கே ஆபத்து. மேனுவல் வண்டிக்குரிய புதிய போல்ட்டுகளை வாங்கி, தயாரிப்பாளர் குறித்த முறுக்கத்தில் டார்க் ரெஞ்ச் கொண்டே இறுக்க வேண்டும். பின்சக்கர இயக்க வண்டிகளில் கிராங்க் ஷாஃப்டின் முனைக் குழியில், இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் ஒன்று பெரும்பாலும் தேவைப்படும். ஆட்டோமேட்டிக் இன்ஜினில் பொதுவாக அதை வைத்திருக்கமாட்டார்கள். சில இன்ஜின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்களும் இந்தத் தகட்டில்தான் இருக்கின்றன. அத்தகைய வண்டியில் அந்தப் பற்கள் பொருந்தாத பிளைவீலைப் போட்டால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது.

மூணாவது பெடலுக்கு பாடியை வெட்டணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. ஆட்டோமேட்டிக், மேனுவல் இரண்டையும் ஒரே பாடியில் தயாரிப்பதால், ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பில்) கிளட்ச் சிலிண்டருக்கான துளை ஏற்கெனவே இருக்கும். ரப்பர் மூடியோ சிறு தகடோ அதை அடைத்திருக்கும். ஆட்டோமேட்டிக்கின் அகலமான பிரேக் பெடலை எடுத்துவிட்டு மேனுவலின் குறுகிய பெடலை வைக்க வேண்டும். அகலமானதை அப்படியே விட்டால் கிளட்சை மிதிக்கும் கால் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கும். பெடலைத் தாங்கும் இடத்தில் பற்றவைப்பு செய்து சமாளிக்கலாம் என்று சொல்பவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியாச்சு, ஆனா சாவி திருப்பினா ஸ்டார்ட்டர் சுத்தவே இல்லை. என்ன காரணம்?

ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவர் பி அல்லது என் நிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். அதைத் தீர்மானிக்கும் சுவிட்ச் பழைய கியர்பாக்ஸோடு கழன்று போய்விட்டதால் அந்தச் சுற்று அறுந்து நிற்கிறது. இரண்டு ஒயர்களையும் நேரடியாக முறுக்கி இணைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அது தவறு. கியரில் நிற்கும் வண்டியை வெளியே நின்றுகொண்டு யாராவது சாவி போட்டால், அது முன்னால் பாய்ந்து ஆளை நசுக்கும். அந்த இரண்டு ஒயர்களையும் கிளட்ச் பெடல் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோக வேண்டும். கிளட்சை மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட்டர் சுழல வேண்டும்.

வண்டியை ஆஃப் பண்ணினா சாவி வெளியே வரமாட்டேங்குது. லாக் கெட்டுப்போச்சா?

லாக் கெடவில்லை. லீவர் பி-யில் இருந்தால் மட்டுமே சாவியை விடுவிக்கும் பூட்டு பல ஆட்டோமேட்டிக் கார்களில் உண்டு. லீவரைக் கழற்றியதும், பி நிலை வந்துவிட்டது என்ற செய்தி அதற்குக் கிடைப்பதில்லை. மேனுவல் காரின் இக்னிஷன் பூட்டுப் பகுதியை மாற்றுவது முறையான தீர்வு.

ஈசியூவை மாத்தியே ஆகணுமா?

வண்டியின் வயதைப் பொறுத்தது. கியர்பாக்ஸுக்குத் தனிக் கணினியும் இன்ஜினுக்குத் தனிக் கணினியும் இருந்து, இரண்டும் அதிகம் பேசிக்கொள்ளாத பழைய வண்டிகளில் இன்ஜின் ஈசியூவை அப்படியே விட்டாலும் ஓடும்; ஐடில் வேகம் கொஞ்சம் முன்பின் ஆகலாம். அண்மைக்கால வண்டிகளில் எல்லாக் கணினிகளும் கேன் எனப்படும் ஒரே தொடர்பு வலையில் இணைந்திருக்கின்றன. கியர்பாக்ஸ் கணினி பதில் சொல்லாவிட்டால் இன்ஜின் கணினி அதைப் பழுதாக எடுத்துக்கொண்டு, யு0101 போன்ற குறியீட்டைப் பதிந்து, இன்ஜினின் சக்தியைக் குறைத்து ஓட்டக்கூடும். பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் வண்டி சறுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. கணினிக்கும் இது மேனுவல் வண்டி என்று தெரிவிக்க வேண்டியிருக்கும்.

தீர்வுகள் இரண்டு. அதே மாடல் மேனுவல் காரின் ஈசியூவைப் பொருத்தி, இம்மொபிலைசரையும் (வேறு சாவியால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் மின்பூட்டு) சாவியையும் அதோடு இணக்கப்படுத்துவது ஒன்று. இருக்கும் ஈசியூவில் மேனுவலுக்கான தயாரிப்பாளர் மென்பொருளை ஏற்றுவது மற்றொன்று. உங்கள் வண்டிக்கு இவற்றில் எது சாத்தியம் என்று எழுத்தில் வாங்கிய பிறகே கியர்பாக்ஸைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். பாதியில் நின்றுபோகும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

செக் இன்ஜின் லைட் எரிஞ்சா எரியட்டும், அந்த பல்பைக் கழட்டிடலாமே?

கூடாது. நாளை உண்மையிலேயே சிலிண்டர் ஒன்றில் மிஸ்ஃபயர் ஆனாலோ கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெட்டாலோ உங்களுக்குத் தெரிவிப்பதற்கு அந்த ஒரு விளக்குதான் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை விதிக்குட்பட்ட வண்டிகளில் புகைக் கட்டுப்பாடு முழுவதும் இந்தக் கணினிகளை நம்பியே இயங்குகிறது. விளக்கு அணையாதவரை மாற்ற வேலை முழுமையாக முடியவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ரேடியேட்டர்லேர்ந்து கியர்பாக்ஸுக்கு ரெண்டு பைப் போச்சே, அதை என்ன செய்யறது?

அவை ஆட்டோமேட்டிக் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய்கள், மேனுவலுக்குத் தேவையில்லை. குழாய்களைக் கழற்றி, ரேடியேட்டரிலுள்ள இரு வாய்களையும் மூடிவிட்டால் போதும். மேனுவல் கியர்பாக்ஸுக்கு எந்த எண்ணெய் என்பதை மட்டும் கையேட்டில் பார்த்து ஊற்றுங்கள். எல்லா மேனுவலுக்கும் ஒரே கெட்டி எண்ணெய் என்ற எண்ணம் தவறு.

என்னோடது ஏ.எம்.டி. வண்டி. இதே கதைதானா?

இல்லை, இது வேறு கதை. 2014-இல் மாருதி செலெரியோ வழியாக இந்தியாவில் பரவலான ஏ.எம்.டி. (தானியக்க மேனுவல் கியர்பாக்ஸ்), அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸேதான். அதே பற்சக்கரங்கள், அதே உலர் கிளட்ச். உங்கள் காலும் கையும் செய்யும் வேலையை ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. எனவே பிளைவீல் பற்றி மேலே சொன்ன சிக்கல்கள் பெரும்பாலும் இங்கே இல்லை. ஆக்சுவேட்டரை எடுத்துவிட்டு, கியரைத் தேர்ந்தெடுக்கும் மேல்பகுதி, கேபிள்கள், லீவர், பெடல், கிளட்ச் இணைப்பு ஆகியவற்றை மேனுவலுக்குரியதாக மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டரின் மின்சுற்று, ஈசியூ ஆகியவை பற்றிய பதில்கள் மட்டும் இதற்கும் அப்படியே பொருந்தும்.

ஆயினும் ஏ.எம்.டி. வண்டியில் அவசரப்பட வேண்டாம். கியர் விழாமல் நியூட்ரலிலேயே நிற்கும் குறை, கிளட்ச் தேய்ந்ததாலோ, ஆக்சுவேட்டரில் எண்ணெய் குறைந்ததாலோ, கிளட்ச் மாற்றிய பின் அது பிடிக்கத் தொடங்கும் புதிய நிலையை ஸ்கேனரால் கணினிக்குக் கற்பிக்காமல் விட்டதாலோ வருவதுண்டு. இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு மாற்றத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

மேனுவலா மாத்தினா மைலேஜ் கூடுமா?

டார்க் கன்வர்ட்டரும் நான்கு கியர்களும் கொண்ட பழைய ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் வழியே சக்தி நழுவுவதால், மாற்றிய பின் வேறுபாடு தெரியும். ஆறு, எட்டு கியர் உள்ள புதிய வகையிலும் சி.வி.டி.யிலும் அந்த நழுவல் மிகவும் குறைந்துவிட்டது. அங்கே மைலேஜை நம்பி மாற்றாதீர்கள். பின்சக்கர இயக்க வண்டியில் டிஃபரன்ஷியலின் (பின்அச்சிலுள்ள பற்சக்கரத் தொகுதியின்) பல் விகிதம் ஆட்டோமேட்டிக்குக்காக அமைக்கப்பட்டிருக்கலாம். அதை மாற்றாமல் விட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் தேவைக்கு மேல் சுழன்று, எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பலனே கிடைக்கும்.

ஆர்.டி.ஓ. அனுமதி வேணுமா? உள்ளே இருக்கற கியர்பாக்ஸ் யாருக்குத் தெரியப்போகுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. சட்டம் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க அது இடமளிக்கிறது.

பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் மாடல் பெயரோடு ஏ.டி., ஏ.எம்.டி., சி.வி.டி. என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மாற்றத்துக்குப் பின் அந்த விவரமே பொய்யாகிவிடும். இல்லாவிட்டாலும், வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறியதா என்று முடிவு செய்யும் அதிகாரம் பதிவு அதிகாரியிடமே இருக்கிறது. என்னிடமோ உங்களிடமோ இல்லை. வேலை தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். அதே மாடலின் மேனுவல் வகைக்கு ஏற்கெனவே தரச் சான்று உண்டு என்பதையும், எல்லாப் பாகங்களும் அந்த வகையினுடையவை என்பதையும் விண்ணப்பத்தில் சொல்லலாம். அனுமதி மறுக்கப்பட்டால் அந்த வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்காக மாற்றக் கூடாது. இதில் குறுக்குவழி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லணுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகலோடு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் அதைக் குறித்துத் தரச் சொல்லி வாங்குங்கள். சிறு உரசலுக்கு யாரும் கேட்கமாட்டார்கள். ஆள் சேதமான விபத்தில் வண்டியை ஆய்வு செய்யும்போது ஆட்டோமேட்டிக் என்று பதிவான காரில் மூன்று பெடல்கள் இருந்தால் இழப்பீடு சிக்கலாகும்.

எத்தனை நாள் ஆகும்?

எல்லாப் பாகங்களும் ஒரே காரிலிருந்து வந்து கையில் இருந்தால், பழகிய இருவருக்கு இது சில நாள் வேலை. பாகங்களைத் தேடுவதற்கும் அனுமதிக்கும் ஆகும் காலமே அதிகம். ஆகவே அனுமதி, ஈசியூ, பாகங்கள் என்ற வரிசையில் எல்லாம் கைக்கு வரும்வரை வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்துப் போட்ட வண்டி வெயிலிலும் மழையிலும் கிடந்து, வேறு பழுதுகளையும் சேர்த்துக்கொள்ளும்.

வேலை முடிஞ்சு வண்டியை எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்?

கிளட்சை மிதிக்காமல் சாவி போட்டு, ஸ்டார்ட்டர் சுழலவில்லை என்று உறுதி செய்யுங்கள். ரிவர்ஸ் போட்டதும் பின்விளக்கு எரிய வேண்டும். ஸ்பீடோமீட்டரைக் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிடுங்கள், சென்சாரோ பல் விகிதமோ மாறியிருந்தால் அங்கே பிடிபடும். பிறகு ஆளில்லாத சாலையில், நான்காவது கியரில் குறைந்த வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் மிதியுங்கள். இன்ஜின் சுழற்சி ஏறி, வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது.

ஹேண்ட் பிரேக்கைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இதுவரை வண்டியை நிறுத்திவைத்தது பி நிலையில் விழும் பூட்டு. பல ஆட்டோமேட்டிக் உரிமையாளர்கள் ஹேண்ட் பிரேக்கைத் தொட்டதே இல்லை என்பதால் அதன் கேபிள் துருவேறியிருக்கும். ஏற்காட்டு மலைப்பாதை போன்ற சரிவில் நியூட்ரலில் வண்டி அசையாமல் நிற்க வேண்டும். நிற்கும் வண்டிக்கும் இனி முதல் கியரோ ரிவர்ஸோ போட்டுவிட்டே இறங்கப் பழகுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை புதுக் கிளட்சை அதட்டாமல் ஓட்டி, பின்னர் ஒருமுறை வண்டியைத் தூக்கி எண்ணெய்க் கசிவும் மவுண்ட் போல்ட்டுகளின் இறுக்கமும் பார்த்துவிட வேண்டும்.

பின்னாடி விக்கும்போது விலை குறையுமா? கழட்டின ஆட்டோமேட்டிக் பாகங்களைக் கடைக்குப் போட்டுடலாமா?

வாங்குபவருக்கு ஐயம் வரும் என்பதால் விலை குறையவே செய்யும். அனுமதிக் கடிதம், திருத்திய ஆர்.சி., பாலிசிக் குறிப்பு, பாகங்களின் ரசீதுகள், எந்த ஒயர் எங்கே மாற்றப்பட்டது என்ற கைப்படக் குறிப்பு ஆகியவை ஓர் உறையில் இருந்தால் அந்தக் குறைவு சிறிதாகும். அந்த ஒயரிங் குறிப்பை மாற்றித் தந்த மெக்கானிக்கிடமே எழுதி வாங்குங்கள்; அடுத்து அந்த வண்டியைத் தொடப்போகும் மெக்கானிக்குக்கு அது இல்லாமல் எதுவும் புரியாது. பழைய கியர்பாக்ஸ் பழுதானதாக இருந்தால் கடைக்குப் போடலாம். ஈசியூவையும் கியர்பாக்ஸ் கணினியையும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியின் இம்மொபிலைசரோடு பதிவானவை என்பதால் அவை வேறொருவருக்கு அதிகம் பயன்படமாட்டா, உங்களுக்கோ பிற்பாடு தேவைப்படலாம்.